முட்டுறது மறந்துபோன மூத்திரப்பை: குமரி மாவட்டத்துல இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"காலைல ஒருக்கா போனேன்னா பின்ன சாயந்தரம் வீட்டுக்கு வந்துதான் மக்ளே, இடையில எனக்கு வரவே வராது." அந்த அம்மா இத என்கிட்ட ஒரு குறையா சொல்லல, பெருமையாதான் சொன்னாங்க. நானும் முதல் தடவ அத ஒரு பேச்சா கேட்டு விட்டுட்டேன். அந்த ஒரு வாக்கியத்துலதான் மொத்த நோயும் இருந்துச்சுன்னு புரிய எனக்கு 12 நாள் ஆச்சு, அதனாலதான் இந்த கேஸ முழுசா எழுதணும்னு தோணிச்சு. அவங்க சம்மதம் வாங்கியாச்சு, ஆள் யாருன்னு தெரிஞ்சிடக்கூடாதுன்னு ஊரு பேரு எதுவும் போடல.

நான் மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரில மகப்பேறு, பெண்கள் நோய் பாக்குற டாக்டர். எங்க ஓபிக்கு வர்றவங்கள்ல நெறய பேர் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரில, வேல பாக்குற பொம்பளைங்க, ரப்பர் பால் வெட்டுறவங்க வீட்டு ஆளுங்க, குளச்சல் பக்கம் மீன் சொமந்து விக்கிறவங்க. கர்ப்பப்பை இறக்கம் எங்களுக்கு வாரம் ரெண்டு மூணு கேஸாவது வரும். அவங்க அத அப்படி சொல்ல மாட்டாங்க, "அடி தள்ளுது"ம்பாங்க, இல்லன்னா "கீழ என்னமோ எறங்கி நிக்குது"ம்பாங்க, அதுவும் கடைசியா, சீட்ட வாங்கிட்டு எந்திரிக்கும்போது.

இந்த அம்மாவுக்கு 61 வயசு. 27 வருஷமா அண்டிப்பருப்பு தோல் உரிக்கிற வேல. நாலு பிரசவம், நாலும் சுகப்பிரசவம், முதல் பிள்ள வீட்டுல மருத்துவச்சி பாத்தது, ரெண்டு நாள் வலி எடுத்துச்சாம். கடைசி பிள்ள 4 கிலோவுக்கு மேல. ஏழு வருஷமா சுகர், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறாங்க, மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி 7.2, ரொம்ப மோசம்னு சொல்ல முடியாது. ஆபரேஷன் எதுவும் நடந்ததில்ல. ரெண்டு வருஷமா அடி இறங்குறது அவங்களுக்கு தெரியும், குளிக்கும்போது கையால உள்ள தள்ளி விட்டுக்குவாங்க, புருஷன்கிட்ட கூட சொன்னதில்ல. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவு அதிகமா இருந்த மாவட்டம் நம்ம மாவட்டம், இந்த அம்மாவும் பத்திரிக வாசிக்கிறவங்கதான், ஆனா இந்த ஒரு விஷயத்த வாய் தொறந்து சொல்ல ரெண்டு வருஷம் ஆகியிருக்கு. கடைசில கண்டுபிடிச்சது மருமகதான், ராத்திரி படுக்குற பாய் நனஞ்சிருக்கு, ஒரு நாள் இல்ல, வாரத்துல மூணு நாலு நாள்.

என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எட்டு மாசத்துல மூணு தடவ யூரின் இன்ஃபெக்‌ஷன். மூணு தடவயும் மாத்திரை, குறையும், திரும்ப வரும். அப்புறம் பாய் நனையுதுன்னு சொன்னதும் ஒரு இடத்துல மூத்திரப்பைய அமைதிப்படுத்துற மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க, சொலிஃபெனசின். அத நாலு மாசமா சாப்பிட்டுட்டு இருந்தாங்க. ஒண்ணுக்கு போன பிறகு உள்ள எவ்ளோ மீதி நிக்குதுன்னு யாரும் அளந்து பாக்கல.

நானும் அளக்கல. அத மறைக்காம சொல்லணும். முதல் தடவ அவங்க வந்தது காலைல பத்தரை மணி, ராத்திரி முழுக்க படுத்து எந்திரிச்சு நேரா வந்திருக்காங்க. படுக்க வச்சு முக்க சொல்லி பாத்தேன், யோனியோட முன்சுவர், அதாவது மூத்திரப்பைய தாங்குற பக்கம், யோனி வாசல் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல வரல. இறக்கம் ரெண்டாம் நிலைன்னு எழுதினேன். யூரின்ல சீழ் செல் இருந்துச்சு, கல்ச்சருக்கு அனுப்பிட்டு ஆன்டிபயாடிக் குடுத்தேன், ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வர சொன்னேன். பழைய மாத்திரை சீட்டு கொண்டு வரலன்னாங்க, நானும் வற்புறுத்தி கேக்கல. ஒரு நாளைக்கு எத்தன தடவ போறீங்கன்னு கேட்டேன், அப்பதான் மேல சொன்ன பதில் வந்துச்சு. அடிக்கடி போறவங்களயே பாத்து பாத்து பழகின காதுக்கு, வரவே வராதுன்னு ஒருத்தர் சொல்றது நல்ல சேதி மாதிரி கேட்டிருக்கு.

ரெண்டாவது தடவ சாயந்தரம் அஞ்சு மணி. வேல முடிஞ்சு நேரா வந்துட்டாங்க, கைல அண்டித்தோடு எண்ணெய் கறை அப்படியே இருந்துச்சு. இந்த தடவ வயித்துல கை வச்சதும் எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு, தொப்புளுக்கு ரெண்டு விரல் கீழ வரைக்கும் உருண்டையா ஒரு மேடு, தட்டினா மந்தமா சத்தம் வருது. "அம்மா, முட்டுதா உங்களுக்கு"ன்னு கேட்டேன். "எது?"ன்னாங்க. "ஒண்ணுக்கு முட்டுதா?" "இல்ல மக்ளே, எனக்கு ஒண்ணும் தோணல்ல, சொகமாட்டுதான் இருக்கு." ஸ்கேன்ல மூத்திரப்பைக்குள்ள 900 மில்லிக்கு மேல. போயிட்டு வாங்கன்னு அனுப்பினேன், பத்து நிமிஷம் கழிச்சு வந்தாங்க, முக்கி முக்கி 110 மில்லி. மீதி 800 உள்ளதான். அப்பவும் அவங்களுக்கு இன்னும் பாக்கி இருக்குன்னு தெரியல.

ஒரு சாதாரண ஆளுக்கு எப்படி இருக்கும்னு இங்க சொல்லிடுறேன், அப்பதான் இதோட கனம் புரியும். மூத்திரப்பைல 150, 200 மில்லி சேரும்போது லேசா ஒரு நெனப்பு வரும், "ம், இருக்கு"ன்னு, வேலைய விட்டுட்டு போகணும்னு தோணாது. 300, 400 ஆகும்போது போகணும்னு தோணும். 400ல இருந்து 600க்குள்ள பெரும்பாலானவங்களுக்கு அடக்க முடியாம போகும். இந்த சேதி மூத்திரப்பைச் சுவர்ல இருக்குற நரம்பு நுனி வழியா இடுப்பு நரம்புக்கு போயி, தண்டுவடத்துல எஸ்2 முதல் எஸ்4 வரைக்கும் உள்ள இடத்துக்கு போயி, அங்க இருந்து மேல மூளைத்தண்டு, அதுக்கும் மேல மூளை. சுவர் இழுபடுறத சொல்ற மெல்லிசான நரம்பு இழைங்க ஒரு வகை, வலி, எரிச்சல், குளிர் மாதிரி சேதிய சொல்றது இன்னொரு வகை. இந்தம்மாவுக்கு முதல் வகை கிட்டத்தட்ட பேச்சு நிறுத்தின மாதிரி.

அன்னைக்கே டியூப் போட்டோம், 840 மில்லி வந்துச்சு. ரொம்ப நாளா அடைபட்ட சிறுநீரகம் திடீர்னு தொறந்துவிட்டா சில பேருக்கு யூரின் வெள்ளமா கொட்டும், மணிக்கு 200 மில்லிக்கு மேல தொடர்ந்து ரெண்டு மணி நேரம் போனா உஷாராகணும், உப்பும் தண்ணியும் இறங்கிடும். அதனால ராத்திரி அட்மிட் பண்ணி மணிக்கு மணி அளந்தோம். 130க்கு மேல போகல. கிட்னி எப்படி வேல பாக்குதுன்னு காட்டுற க்ரியாட்டினின் 1.7, கூடுதல்தான். ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் லேசா வீங்கியிருந்துச்சு. இது ரெண்டு வழில நடந்திருக்கலாம், ஒண்ணு மூத்திரப்பை நெறஞ்சு நெறஞ்சு பின்னால அழுத்தம் ஏறினது, இன்னொண்ணு கர்ப்பப்பையும் மூத்திரப்பை அடியும் கீழ இறங்கும்போது கிட்னில இருந்து மூத்திரப்பைக்கு வர்ற சிறுநீர்க் குழாய் ரெண்டையும் கூடவே இழுத்து மடக்குறது. கிட்னி கெட்டுப்போற அளவுக்கு ஒரு விஷயம் உள்ள நடந்துட்டு இருக்கு, அந்தம்மா சொகமாட்டு இருக்குன்னு சொல்லிட்டு அண்டி உரிச்சிட்டு இருந்திருக்காங்க. அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமாதான் இருக்கு.

மறுநாள் சாயந்தரம் அவங்கள நிக்க வச்சு, ஒரு கால ஸ்டூல் மேல வச்சு, நல்லா முக்கி இரும சொல்லி திரும்ப பாத்தேன். முந்தின தடவ படுத்த நிலைல வாசல் வரைக்கும் வந்தது இப்ப வெளிய தொங்குது. பாப்-க்யூ அளவுப்படி, அதாவது 1996ல இருந்து உலகம் முழுக்க இறக்கத்த அளக்க வச்சிருக்குற முறை, வாசல பூஜ்யமா வச்சு உள்ள இருந்தா மைனஸ், வெளிய வந்தா பிளஸ்: முன்சுவர் +4 சென்டிமீட்டர், கர்ப்பப்பை வாய் +2, பின்சுவர் -1, யோனி நீளம் 8. மூணாம் நிலை. காலைல படுக்க வச்சு பாத்தா ரெண்டு, சாயந்தரம் நிக்க வச்சு பாத்தா மூணு. இறக்கம் பகல் முழுக்க நின்னு உக்காந்து கனம் தூக்க தூக்க கூடிட்டே போகும், நைட்டு படுத்தா உள்ள போயிடும். அதனால நோயாளி சொல்றதுக்கும் நாம பாக்குறதுக்கும் பொருந்தலன்னா நேரத்த மாத்தி பாக்கணும், நிக்க வச்சு பாக்கணும். இத நான் படிச்சிருக்கேன், ஜூனியருக்கு சொல்லியும் குடுத்திருக்கேன், அன்னைக்கு கூட்டத்துல செய்யல.

இப்ப கேள்வி, இந்த உணர்வு ஏன் போச்சு? சுகர் இருக்கு, சுலபமா சுகர் மேல பழிய போட்டுட்டு போயிடலாம், பல இடத்துல அப்படித்தான் நடக்கும். சுகர் நரம்ப பாதிச்சு மூத்திரப்பை மரத்துப்போறது உண்மையான நோய்தான், அதுலயும் இதே மாதிரி உணர்வு குறஞ்சு, பை பெருசாகி, காலி ஆகாம நிக்கும். ஆனா அது பொதுவா நெறய வருஷ சுகர்ல, கால் மரத்துப்போனவங்ககிட்ட, மத்த நரம்பு பாதிப்போட சேந்து வரும். இவங்களுக்கு கால்ல மோனோஃபிலமென்ட்ங்குற நைலான் இழைய வச்சு அழுத்தினா எல்லா இடத்துலயும் தெரியுது, பெருவிரல்ல ட்யூனிங் ஃபோர்க் அதிர்வு மட்டும் கொஞ்சம் கம்மி. படுத்து எந்திரிச்சா பிபி இறங்கல. குதிகால் அனிச்சை ரெண்டு பக்கமும் வருது. மெட்ஃபார்மின் ரொம்ப நாள் சாப்பிட்டா பி12 குறையும், அதுவும் நரம்ப கெடுக்கும், அதனால அதயும் பாத்தோம், நார்மல்ல கீழ் எல்லைல இருந்துச்சு, மாத்திரை சேத்தேன்.

முதுகுத்தண்டு? இத கண்டிப்பா பாக்கணும். ஒருத்தருக்கு மூத்திரம் முட்டுறது தெரியலன்னா, தண்டுவட அடி நரம்புக் கொத்து நெருக்கப்பட்டிருக்கான்னு பாக்காம இறக்கம்தான் காரணம்னு முடிவு பண்ணவே கூடாது. சைக்கிள் சீட்டுல படுற இடம் முழுக்க பஞ்சால தொட்டு பாத்தேன், ஊசி முனையால பாத்தேன், தெரியுது. ஆசனவாய் இறுக்கம் இருக்கு. மலம் முட்டுறது தெரியுது, கேஸ் போறது தெரியுது. இடுப்பு வலி காலுக்கு இறங்கல. எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு யோசிச்சேன், வேண்டாம்னு முடிவு பண்ணேன், இதுல ஒண்ணு மாறியிருந்தாலும் அன்னைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியிருப்பேன்.

மாத்திரை. சொலிஃபெனசின் மூத்திரப்பை தசைய தளர்த்தும், அவசரமா முட்டுறத குறைக்கும். ஏற்கனவே காலி பண்ண முடியாத பைக்கு அது இன்னும் கேடு. உடனே நிறுத்தினோம். அதோட ஜலதோஷத்துக்குன்னு கடைல அவங்களே வாங்கி சாப்பிடுற மாத்திரையும் நிறுத்த சொன்னேன், அதுலயும் மூத்திரத்த கட்டுற சரக்கு இருக்கு. ஆனா பாய் நனையுறது மாத்திரைக்கு முன்னாடியே தொடங்கியாச்சு. பை நெறஞ்சு வழியுறதுதான் அது, குடம் நெறஞ்ச பிறகும் குழாய மூடாம விட்டா வழியுமே அப்படி. அத அடங்காத மூத்திரப்பைன்னு நெனச்சு மருந்து குடுத்ததுதான் தப்பு. மருந்த நான் குறை சொல்லல, சரியான ஆளுக்கு அது நல்ல மருந்துதான்.

அடுத்து பழக்கம். இதுல கொஞ்சம் நேரம் நின்னு பேசணும், ஏன்னா இத எந்த ரிப்போர்ட்லயும் யாரும் எழுத மாட்டாங்க. தோல் உரிக்கிற வேலைக்கு கூலி கிலோ கணக்கு. எந்திரிச்சு போற ஒவ்வொரு பத்து நிமிஷமும் காசு. அவங்க சொன்னதுல, அத்தன பேருக்கு ரெண்டே கக்கூஸ், வரிசைல நிக்கணும், தண்ணி சில நாள் வராது. அதனால காலைல இருந்தே வெள்ளம், அதாவது தண்ணி, குடிக்கிறத குறைச்சிடுவாங்க. "மத்தியானம் ஒரு கிளாஸ் வெள்ளம் குடிப்பேன், அதுவும் சோறு தொண்டைல நிக்குமேன்னுதான் மக்ளே." முதல் சில வருஷம் அடக்குறது கஷ்டமா இருந்துச்சாம், பின்ன பழகிப்போச்சாம், பின்ன வரவே இல்லியாம். பக்கத்துல உக்காந்து உரிக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தானாம், யாரு ரொம்ப நேரம் எந்திரிக்காம இருக்காங்களோ அவங்க கெட்டிக்காரி. வருஷக்கணக்கா அடக்குறவங்களுக்கு மூத்திரப்பை கொள்ளளவு கூடும், முதல் நெனப்பு தள்ளித்தள்ளி போகும், இது நமக்கு தெரிஞ்ச விஷயம்தான். ஆக இவங்களுக்கு சுகர் கொஞ்சம், பழக்கம் கொஞ்சம் நெறய, அதுக்கு மேல இறக்கம்.

இறக்கம் எப்படி உணர்வ குறைக்கும்? உண்மைய சொன்னா பெரும்பாலும் நேர் எதிராதான் பாக்குறோம். முன்சுவர் இறங்கினவங்க நெறய பேர் அரை மணிக்கு ஒருக்கா ஓடுவாங்க, முட்டினா அடக்க முடியாதும்பாங்க, ஏன்னா தாங்கிப் பிடிக்கிற சுவர் தளர்ந்ததும் மூத்திரப்பை அடி இழுபட்டு கொஞ்சம் சேந்தாலே சேதி கத்த தொடங்கிடும். அவங்க நம்மகிட்ட வருவாங்க, ஏன்னா தொந்தரவு. இன்னொரு வழியும் இருக்கு. மூத்திரப்பை கீழ தொங்க, மூத்திரம் வெளிய போற குழாய் மேல நின்ன இடத்துலயே நிக்க, நடுவுல ஒரு மடிப்பு விழும், செடிக்கு தண்ணி விடுற ஓஸ் மடங்கினா என்ன ஆகும், அதேதான். தண்ணி சொட்டும், பின்னால அழுத்தம் ஏறும். தசை முதல்ல முக்கி தள்ளும், மாசக்கணக்கா வருஷக்கணக்கா தள்ளி களச்சுப்போகும். மீதி நிக்க நிக்க சுவர் எப்பவும் இழுபட்ட நிலைலயே கெடக்கும், இழுபட்ட சுவருக்கு ரத்தம் சரியா போகாது, அதுல இருக்குற நரம்பு நுனிங்க மெலியும். எப்பவும் இழுபட்டே இருக்குற சுவருக்கு புதுசா இழுபடுறது ஒரு சேதியாவே இருக்காது. பத்திரிகைச் சுருள்ல ஒரு ரப்பர் பேண்ட மாட்டி ஆறு மாசம் கழிச்சு கழட்டினா அது சுருங்காது பாருங்க, அந்த மாதிரி தசை. இந்த வழில போறவங்க நம்மகிட்ட வர மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு தொந்தரவே இல்ல. வந்தா இன்ஃபெக்‌ஷனுக்கு வருவாங்க, இல்ல கிட்னி கெட்டு வருவாங்க.

சரி, மூணு காரணத்துல எது பெருசுன்னு எப்படி பிரிக்கிறது? சுகர உடனே எடுக்க முடியாது, 27 வருஷ பழக்கத்த எடுக்க முடியாது, இறக்கத்த மட்டும் ஒரு நிமிஷத்துல மேல தூக்க முடியும். அதத்தான் பண்ணோம். டியூப்போட பத்து நாள் ஓய்வு குடுத்து, இன்ஃபெக்‌ஷன் தீந்த பிறகு, திருவனந்தபுரத்துல ஒரு இடத்துல யூரோடைனமிக்ஸ் பண்ணோம். மூத்திரப்பைக்குள்ள மெதுவா தண்ணி விட்டு எப்ப என்ன தோணுதுன்னு கேட்டுட்டே போற டெஸ்ட். முதல் நெனப்பு 420 மில்லிலதான் வந்துச்சு. போகணும்னு தோணினது 570ல. 700 வரைக்கும் விட்டும் அவசரம்னு ஒண்ணு வரல, அங்க நிறுத்திட்டாங்க. அப்புறம் இறக்கம் வெளிய இருக்கும்போதே போக சொன்னா வேகம் நொடிக்கு 5 மில்லி, தசை அழுத்தம் 38, அதாவது தசை தள்ளுது, வழி அடைச்சிருக்கு. கர்ப்பப்பைய உள்ள தள்ளி, இறங்காம இருக்க துணிச்சுருள் பேக் வச்சு, திரும்ப நிரப்பி போக சொன்னா வேகம் 13, அழுத்தம் 22. ஒரே பை, ஒரே நரம்பு, ஒரே நாள், நடுவுல மாறினது இறக்கம் மட்டும்தான். காலி ஆகாததுக்கு காரணம் இறக்கம்னு அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு, தசைக்கு இன்னும் உயிர் இருக்குன்னும் தெரிஞ்சிடுச்சு. ஆனா உணர்வு பேக் வச்சதும் உடனே மாறல. அதுக்கு காத்திருக்கணும்.

ரிங் பெசரி வச்சோம், இறக்கத்த தாங்க யோனிக்குள்ள வைக்கிற வளையம் அது, நடுவுல சவ்வு உள்ளது, 70 மில்லிமீட்டர். முதல்ல வச்ச 65 இருமினதும் வெளிய வந்துடுச்சு. மாதவிடாய் நின்னு வருஷமாச்சு, யோனித்தோல் காகிதம் மாதிரி இருந்துச்சு, அதனால ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வாரம் ரெண்டு தடவ. டியூப எடுத்தோம். மீதி 300க்கு மேல நின்னா மெல்லிசான குழாய அவங்களே போட்டு எடுத்துக்கணும்னு சொல்லி குடுத்தேன், 1972ல லாபிடஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் இத பரப்பின பிறகு எத்தனயோ பேரோட கிட்னி பொழச்சிருக்கு. குழாய் போடுற இடத்த பாக்க குடுத்த கண்ணாடிய பாத்துட்டு அந்தம்மா அழுதுட்டாங்க. "எனக்கு கை நடுங்குது, இத மட்டும் செய்ய சொல்லாதீங்க." மருமக சொன்னா, "அத்த, நான் போட்டு விடுதேன், நீங்க கண்ண மூடிட்டு படுங்க." நல்லவேளை, முதல் வாரத்துல நாலு தடவதான் தேவப்பட்டுச்சு, அதுக்கு மேல வேண்டியதே இல்ல.

முக்கியமான வேல நேரம் பாத்து போறதுதான். முட்டுற வரைக்கும் காத்திருக்காதீங்க, மூணு மணிக்கு ஒருக்கா போங்கன்னு சொன்னா யாருக்கும் ஞாபகம் நிக்காது. அவங்க வீடு கோயிலுக்கு பக்கம், மாதா கோயில்ல காலைல ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயந்தரம் ஆறுக்கு மூவேள மணி அடிக்கும். அந்த மூணு மணிய அவங்களே எடுத்துக்கிட்டாங்க. நடுவுல ஒம்பது, மூணு, ராத்திரி ஒம்பதுக்கு பேத்தி ஃபோன்ல அலாரம். போயி முடிச்சதும் எந்திரிச்சு நின்னு, ரெண்டு எட்டு நடந்து, திரும்ப உக்காந்து இன்னொரு தடவ போகணும், மூத்திரப்பைல மிச்சம் நிக்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும். ஒரு பழைய மக்குல பேத்தி நெயில் பாலிஷால நூறு நூறு மில்லிக்கு கோடு போட்டு குடுத்துச்சு, ஸ்கூல் நோட்டுல ரெண்டு கட்டம், நேரம் ஒண்ணு, அளவு ஒண்ணு. நான் மூணாவதா ஒரு கட்டம் போட சொன்னேன்: போறதுக்கு முன்னாடி முட்டுச்சா, ஆமா இல்ல. முதல் 16 நாள் அந்த கட்டம் முழுக்க இல்ல, இல்ல, இல்ல.

17வது நாள் காலைல மருமக ஃபோன். "டாக்டரம்மா, அத்தைக்கு அடிவயித்துல என்னமோ பண்ணுதாம், பயந்து போயி இருக்காவ." மீன் வெட்டிட்டு இருந்திருக்காங்க, திடீர்னு கீழ ஒரு கனம், ஒரு மாதிரி நிக்க முடியாத மாதிரி. பெசரி நகந்துடுச்சோ, இன்ஃபெக்‌ஷனோன்னு உடனே வர சொன்னேன். ஃபோன்லயே அவங்க கேட்டாங்க, "ஒண்ணுக்கு போயிட்டு வந்தா மாறிப்போச்சு மக்ளே, இது என்ன நோவு?" நான் ஒரு நிமிஷம் பேசல. அம்மா, இதுதான் முட்டுறதுன்னு சொன்னேன். எத்தன வருஷமா வராததால அது என்னன்னே அவங்களுக்கு மறந்துபோச்சு, வந்ததும் புது நோயின்னு நெனச்சிட்டாங்க. அன்னைக்கு மக்குல 380.

அதுக்கப்புறம் நோட்டுல ஆமாங்குறது ஒண்ணு ரெண்டா வர ஆரம்பிச்சுது. ஆறாவது வாரம் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, 300ல இருந்து 350 இருக்கும்போது. மீதி 140. பாய் நனையல. க்ரியாட்டினின் 1.0, கிட்னி வீக்கம் ஸ்கேன்ல காணல. சுகர் கிட்டத்தட்ட அதேதான், 7.1, மருந்து அதேதான், அதனால சுகர் சரியாகி உணர்வு வந்துச்சுன்னு சொல்ல வழியில்ல. வேலைக்கு ரெண்டு மாசம் போகல, நேரத்துக்கு போனாங்க, அந்த மாற்றத்துக்கும் பங்கு உண்டு, அத நான் ஒதுக்கி வைக்கல. சொலிஃபெனசின் நிறுத்தினதுக்கும் பங்கு இருக்கும், ஆனா அந்த மருந்து ஒடம்ப விட்டு போக பத்து பதினஞ்சு நாள் போதும், உணர்வு கூடிட்டே போனது அதுக்கு அப்புறமும். என் முடிவு, வழி அடைச்சதும் பை எப்பவும் இழுபட்டு கெடந்ததும்தான் பெரிய காரணம், அடக்குற பழக்கம் அதுக்கு நெலத்த பதப்படுத்தி வச்சிருக்கு, சுகர் ஓரத்துல நிக்குது.

பெசரியோடயே இருந்துடலாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா கழட்டி கழுவி வைக்கலாம், பல பேர் வருஷக்கணக்கா அப்படி இருக்காங்க. இவங்க ஆபரேஷன்தான் வேணும்னாங்க, "ஒரு சாதனத்த உள்ள வச்சிட்டு திவ்விய நற்கருணைக்கு போறது எனக்கு மனசுக்கு ஒப்பல்ல"ன்னாங்க. அது தப்புன்னு நான் வாதாடல, அவங்க ஒடம்பு. காப்பீட்டு அட்டை இருந்துச்சு. நாலாவது மாசம் யோனி வழியா கர்ப்பப்பைய எடுத்து, முன்சுவர தைச்சு, யோனியோட மேல்முனைய இடுப்புக்குள்ள இருக்குற சேக்ரோஸ்பைனஸ் தசைநார்ல பிடிச்சு கட்டினோம். தாங்குறதுக்கு வைக்கிற மெஷ்ங்குற செயற்கை வலை வைக்கல. முன்சுவர் இறக்கத்துக்கு யோனி வழியா வைக்கிற மெஷ்ஷ 2019ல அமெரிக்காவுல மருந்து, கருவிகள கட்டுப்படுத்துற எஃப்டிஏ விக்கவே கூடாதுன்னு நிறுத்திடுச்சு, அதுக்கு முன்னாடியே எனக்கு அதுல நம்பிக்க இல்ல. இன்னொரு முடிவுதான் கஷ்டமா இருந்துச்சு. இறக்கத்த தூக்கினா மடிப்பு நிமிரும், அப்ப சில பேருக்கு இருமினா கசியும், அதுவரைக்கும் மடிப்பு மறச்சு வச்சிருந்த கசிவு அது. பெசரியோட 300 மில்லி நிரப்பி இரும வச்சதுல ரெண்டு சொட்டு வந்துச்சு. கசிவுக்கு ஸ்லிங், அதாவது மூத்திரம் வெளிய போற குழாய தாங்குற பட்டை, சேத்து போடலாம். போடல. தள்ளுற பலம் இப்பதான் திரும்பிட்டு இருக்குற, உணர்வும் அரைகுறையா இருக்குற ஒரு பைக்கு முன்னால இன்னொரு தட வைக்கிறது எனக்கு சரின்னு படல, ரெண்டு சொட்டு கசிவ துணி வச்சு சமாளிக்கலாம், கட்டி நிக்கிற மூத்திரம் கிட்னிய தின்னுடும். இத அவங்ககிட்ட அப்படியே சொன்னேன், சரின்னாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் டியூப் எடுத்தோம், எடுத்த அன்னைக்கு மீதி 210, டிஸ்சார்ஜ் அன்னைக்கு 120, மூணு மாசத்துல 60. ஒரு நாளைக்கு ஆறு தடவ போறாங்க. இருமினா கசிவு எப்பவாவது. யூரோடைனமிக்ஸ் திரும்ப பண்ணலாம்னு கேட்டேன், அவ்ளோ தூரம் போயி அந்த குழாய் எல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால உணர்வு எவ்ளோ திரும்புச்சுங்குறதுக்கு என்கிட்ட இருக்குறது அந்த ஸ்கூல் நோட்டு மட்டும்தான். அதுல முதல் நெனப்பு 250, 300ல வருது. மீதி குறையுறது இந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலும் நடக்கும், உணர்வு இந்த அளவு திரும்பும்னு யாருக்கும் வாக்கு குடுக்க முடியாது, ரொம்ப வருஷம் இழுபட்டுப் போனா வராமலே போகலாம்.

ஆபரேஷன் முடிஞ்சு ஏழாவது மாசம் ஊர்ல பத்து நாள் திருவிழா. ஒலிபெருக்கி சத்தத்துல மணி கேக்கல, பேத்தி ஃபோனும் கூட்டத்துல எங்கயோ, கொடி ஏறின அன்னைக்கு காலைல போனவங்க சாயந்தரம் நாலு மணி வரைக்கும் போகல. அடுத்த நாள் செக்கப்புக்கு வந்தப்ப அவங்களே சொன்னாங்க, லேசா ஒரு கனம் மட்டும் தெரிஞ்சுதாம், முட்டுற அளவு இல்லியாம், வீட்டுக்கு வந்து மக்குல பாத்தா 610. நல்லா காலி ஆயிருக்கு, ஸ்கேன்ல மீதி 70தான். ஆக தள்ளுற பலம் வந்துடுச்சு, கூப்பிடுற குரல் பாதிதான் வந்திருக்கு. அதனால மணி பாத்து போற பழக்கத்த விடக்கூடாதுன்னு முடிவு பண்ணோம். மருமக ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கி சேலைத்தலப்புல முடிஞ்சு விட்டிருக்கா. க்ரியாட்டினின் வருஷத்துக்கு ஒருக்கா பாக்கணும், மீதி ஆறு மாசத்துக்கு ஒருக்கா. அண்டி ஆபீசுக்கு திரும்ப போறாங்க, பாதி நேர வேலைதான், மேஸ்திரிகிட்ட எதுக்கு எந்திரிக்கேன்னு சொல்லிட்டேன்னாங்க. ஒம்பது மணி அலாரம் அடிச்சா பக்கத்துல இருக்குற மூணு பேரும் இப்ப கூடவே எந்திரிக்காங்களாம்.